வள்ளி பாடம்

2019 ஜூன் மாதம். சென்னையில் நடிகர் சங்கத் தேர்தல். மெர்லிமாவ் தாமானில் இருக்கும் எங்கள் மாமா வீட்டில் அஸ்ட்ரோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நாசர், விஷால் இருந்த 'பாண்டவர் அணி'. எதிரே பாக்யராஜ் தலைமையில் 'சுவாமி சங்கரதாஸ் அணி'. செய்தி வாசிப்பவர் அந்தப் பெயரைச் சொன்னதும், அதுவரை சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"யார்றா அது சாமி பேரச் சொல்றது?"

"ஓட்டு கேக்குறாங்க மாமா. அணிக்குப் பேரு வச்சிருக்காங்க."

"சாமி பேர்ல ஓட்டா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மண்டோர் கேட்டிருந்தா வெட்டியிருப்பாரு" என்றார்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. மெர்லிமாவ் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் உளி பிடித்தவர். திருமணம் ஆகி மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் தோட்டத்தில் அவருக்குப் பெயர் 'வள்ளி'. "வள்ளி வூட்டுக்காரி", "வள்ளி மகன்" என்றுதான் பேசுவார்கள். அத்தைக்கு அதில் தீராத எரிச்சல். இளவட்டமாக இருந்தபோது தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஏழெட்டு வருடம் தொடர்ந்து வள்ளி வேஷம் கட்டியிருக்கிறார். சொல்லிக்கொடுத்தவர் மண்டோர். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதும் அதே குரல்தான், ராத்திரி கேஸ் லைட் வெளிச்சத்தில் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் சொல்வதும் அதே குரல்தான். பாட்டில் ஒரு சொல் மாறினால், "டேய், இது சாமி பாட்டுடா. ஒன் இஷ்டத்துக்குக் கைய வைக்காத" என்பாராம்.

சிறு வயதில் நான் அதை முருகன் பாட்டு என்றே நினைத்திருந்தேன். வள்ளி திருமணத்தில் வேறு எந்தச் சாமி இருக்க முடியும்? சங்கரதாஸ் சுவாமிகள் என்று ஒரு மனிதர் இருந்தார், மண்டோர் 'சாமி' என்றது அவரைத்தான் என்று எனக்குத் தெரிந்தது கல்லூரிக் காலத்தில், தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' கையில் கிடைத்தபோதுதான். அந்தப் புத்தகத்தைப் படிக்கப் படிக்க, ஆறு வயதுப் பையன் ஒருவனும் ஐம்பது வயது கடந்த வாத்தியார் ஒருவரும் நான்கே ஆண்டுகள் சேர்ந்திருந்த கதை, எங்கள் மாமா கதையோடு எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டது. கட்டுரையின் விஷயம் அந்த நான்கு ஆண்டுகள்தான்.

1918. மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்ற நாடகக் கம்பெனி தொடங்கப்படுகிறது. பெயரில் இருக்கும் 'பால' என்பதைக் கவனிக்க வேண்டும். நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். ராஜா, ராணி, எமன், தோழி எல்லாமே பையன்கள். வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள். பெண் வேடங்களில் நடித்துவந்த கண்ணுசாமிப் பிள்ளை தன் மகன்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரையும் அந்தக் கம்பெனியில் கொண்டுவந்து சேர்க்கிறார். சண்முகம் 1912 ஏப்ரலில் பிறந்தவர். கணக்குப் போட்டால் ஆறு வயது. நம் ஊரில் ஒன்றாம் வகுப்புக்குக்கூட இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டிய வயது.

இந்தப் பையன் முன்னால் நின்ற வாத்தியார் யார்?

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7-ல் பிறந்தவர். தகப்பனார் தாமோதரன் இராமாயணத்தில் ஊறியவர். பிள்ளை பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். பிறகு தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை. அந்த வேலையிலேயே இருந்திருந்தால் ஒழுங்காகப் பென்ஷன் வாங்கியிருப்பார். 24-ஆவது வயதில் உப்பை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார். அது 1891. அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் நடித்த சபை அது. சுவாமிகள் போய்ச் சேர்ந்த உலகமோ வேறு. நாடகமே வயிற்றுப்பாடான உலகம், 'கூத்தாடி' என்று ஊர் சொல்லும் உலகம். தமிழ் நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் இருவரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். என்னால் அப்படிப் போக முடிவதில்லை. எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது உலகம்தான்.

சுவாமிகள் ஆரம்பத்தில் நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று எல்லாமே மிரட்டும் வேடங்கள். கனத்த உடல், கனத்த குரல். அவர் நடிப்பை நிறுத்தியதற்கு ஒரு கதை உண்டு. நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக விடியவிடிய நடித்துவிட்டு, வேஷத்தைக் கழுவ விடிகாலையில் குளத்துக்குப் போகிறார். கறுப்புச் சாயமும் கோர முகமுமாக அந்த அரையிருட்டில் அவரைப் பார்த்த ஒரு பெண் அலறி விழுந்து உயிரை விட்டாள் என்கிறார்கள். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகப் பாய்ந்து வந்தபோது முன்வரிசையில் இருந்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும் சொல்வார்கள். பெரிய நடிகர்கள் எல்லாரைப் பற்றியும் இப்படி ஒரு கதை ஊரில் உலவும். அப்படியே நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வேஷம் கட்டுவதை விட்டார், துறவு மனநிலையில் தீர்த்த யாத்திரை போனார், 'சுவாமிகள்' ஆனார். அது நடந்தது. தன் கலை ஓர் உயிரைப் பறித்திருக்கலாம் என்று ஒரு நடிகன் பயந்தான் என்பதை மட்டும் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அப்படிப் பயந்தவன் அடுத்துப் பையன்களுக்கு வாத்தியார் ஆனான்.

யாத்திரையிலிருந்து அவரைத் திரும்ப இழுத்து வந்தது இசை. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். சுவாமிகளின் பாட்டுகளில் தாளக்கட்டு அவ்வளவு கறாராக இருப்பதற்கு இந்த வீட்டு வாசம் ஒரு காரணமாக இருக்கும். மறுபடியும் நாடகக் கம்பெனிகள். வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேஸ்வரய்யர் என்று அந்தக் காலக் கம்பெனி முதலாளிகளுக்குப் பெயரே அவரவர் நாடகத்தின் பெயர்தான். (எங்கள் மாமாவுக்கு 'வள்ளி' என்று பெயர் வந்ததில் ஒன்றும் அவமானம் இல்லை என்று அத்தையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை.)

பெரியவர்களை வைத்து நாடகம் போடுவதில் இருந்த தொல்லை ஒன்றா இரண்டா? குடித்துவிட்டு வருவார்கள். சொன்ன நேரத்துக்கு வர மாட்டார்கள். கைதட்டு கிடைக்கிறது என்று கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் பாடிக்கொண்டே போவார்கள். எதிரே நிற்பவனை மடக்க மேடையிலேயே வித்துவச் சண்டை பிடிப்பார்கள். எழுத்தை மதிக்கிற ஒரு வாத்தியாருக்கு இது நரகம். பையன்களைச் சேர்த்து, அ-னா ஆவன்னாவிலிருந்து பழக்கினால் எழுதியதை எழுதியபடி நடிப்பார்கள் என்று சுவாமிகள் நினைத்தார். தமிழ்நாட்டில் பாலர் கம்பெனிகள் பெருகியதற்கு இந்த ஒழுங்கு ஆசை முக்கியக் காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது: பையன்களுக்குச் சம்பளம் குறைவு.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையை இப்போது சினிமாப் பேட்டிகளில் கேட்டால் குருகுலம் போல இனிப்பாக இருக்கும். நடந்தது அவ்வளவு இனிப்பு இல்லை. பையனைச் சேர்க்கும்போதே பெற்றவர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிவிடுவார்கள். இத்தனை வருடத்துக்கு விட்டுப்போகக் கூடாது. ராத்திரி தொடங்கும் நாடகம் விடியும் வரை போகும். தூங்கி எழுந்தால் பாடம், பாட்டு, ஆட்டம். தப்பினால் பிரம்பு. ஒரு ஊரில் வசூல் விழுந்தால் எல்லார் வயிற்றிலும் விழும். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்ரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது வீட்டில் பசி தாங்காமல். சிவாஜி கணேசன் திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சேர்ந்தபோது, தான் ஓர் அனாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்தார். ஏழு வயதுப் பையன் தாய் தகப்பன் இல்லையென்று சொல்லிவிட்டு மேடைக்குப் போகிறான் என்றால் அந்த ஆசையை என்னவென்று சொல்வது? ஆசை ஒரு பக்கம், பசி ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஒரு முதலாளி. இதில் மகரக்கட்டு வேறு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்றுவரை கம்பெனியையே தாங்கிய பையன் இன்று 'ஆ' என்றால் கரகரக்கும். அத்தோடு அவன் காலம் முடிந்தது. பின்பாட்டுக்கோ படுதா இழுக்கவோ போக வேண்டியதுதான். அப்படிப் போனவர்கள் யாரும் சுயசரிதை எழுதவில்லை.

இந்த இயந்திரத்துக்குள்தான் ஆறு வயதுச் சண்முகமும் போய் விழுந்தார். அவர் பிழைத்ததற்கு, பிழைத்தது மட்டுமில்லாமல் வாழ்நாள் முழுக்க நாடகத்தின் மேல் பித்தாகவே இருந்ததற்கு, ஓர் இரவு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சுவாமிகளுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று. அவனுக்கென்று ஒரு நாடகம் வேண்டும் என்று நினைத்தார். அபிமன்யு கதை. இளம் வீரன், பாடவும் வேண்டும், காதலிக்கவும் வேண்டும், சண்டையும் போட வேண்டும். சாப்பாடு முடிந்ததும் விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பையன்கள் தூங்கப் போய்விட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் 'அபிமன்யு சுந்தரி' முழுசாக எழுதி முடிந்திருந்தது. நான்கு மணி நேரம் நடிக்கக்கூடிய நாடகம். நூற்றுக்கு மேல் பாட்டு. அடித்தல் திருத்தல் இல்லை. சண்முகம் இதைத் தன் புத்தகத்தில் எழுதும்போது அவருக்கு வயது எவ்வளவோ ஆகிவிட்டது. ஆனாலும் அந்த இடத்தில் மட்டும் எழுத்தில் ஒரு சிறுபிள்ளையின் மலைப்பு அப்படியே நிற்கிறது.

எல்லாரும் 'ஒரே இரவு' என்ற வேகத்தைத்தான் வியக்கிறார்கள். எனக்கு வேகம் பெரிதாகப் படவில்லை. அந்தக் காலத்து நாடகாசிரியர்களின் தலையில் விருத்தமும் வெண்பாவும் கீர்த்தனை மெட்டும் கொட்டிக் கிடந்தன, கை எழுதினால் போதும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கப்பட்ட, பத்து வயதுகூட நிரம்பாத ஒரு பையன். அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது, வயதான ஒரு மனிதர் அவன் குரல் எட்டும் உயரம் இவ்வளவு, அவன் மூச்சு தாங்கும் நீளம் இவ்வளவு என்று மனத்துக்குள் அளந்து ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டிருக்கிறார். காலையில் அவன் எழுந்தால் அவனுக்கென்றே ஓர் உலகம் தயாராக இருக்கிறது. எத்தனை பேருக்கு இப்படி ஒரு காலை வாய்த்திருக்கும்? நம் பள்ளி நாட்களில் ஒரு வாத்தியார் நம் பெயரைச் சரியாக உச்சரித்தாலே அது பெரிய விஷயமாக இருந்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை, கால் விழுந்தது. பேச்சு நின்றது. கர்ஜிக்கும் எமனாக நடித்தவர், பையன்களுக்கு வாயால் பாடம் சொல்லிக்கொடுத்தவர், ஊமையானார். ஆனாலும் கம்பெனி அவரை விட்டுவிடவில்லை. ஊர் ஊராகத் தங்களுடனேயே கொண்டுபோனார்கள். நாடகம் நடக்கிறது, அவர் எழுதிய பாட்டைப் பையன்கள் பாடுகிறார்கள், ஒரு சொல் பிசகினால் திருத்த அவரால் முடியாது. 1922 நவம்பர் 13 இரவு, கம்பெனி புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது இறந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் வருடா வருடம் அங்கே போய்ப் பாடி அஞ்சலி செய்கிறார்கள். சண்முகத்துக்கு அப்போது பத்து வயது.

இனி மாணவன் கதை. 1925-ல் திருவனந்தபுரத்தில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து சொந்தமாகவே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 'ஸ்ரீ பால சண்முகானந்த சபா'. பிற்பாடு உலகம் அவர்களை டி.கே.எஸ். சகோதரர்கள் என்று அறிந்தது. கடைசித் தம்பி பகவதியும் சேர்ந்துகொண்டார். நாகர்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான், என்.எஸ். கிருஷ்ணன் என்று பெயர். தொடங்கும்போது சுவாமிகளின் நாடகங்கள்தான் மூலதனம். ஆனால் வளர வளரச் சண்முகம் வாத்தியாரிடமிருந்து விலகித்தான் போனார் என்பது என் எண்ணம். விடியவிடியப் பாட்டு என்பது போய் மூன்று மணி நேர நாடகம் வந்தது. புராணம் போய்ச் சமூகக் கதை வந்தது. 'குமாஸ்தாவின் பெண்', 'அந்தமான் கைதி', 'மனிதன்' என்று நாடகங்களின் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். வசனம் முன்னுக்கு வந்து பாட்டு பின்னுக்குப் போனது. 1940-களில் கட்டுமஸ்தான ஆண்பிள்ளை ஒருவர் கூன் விழுந்த ஔவைக் கிழவியாகத் தடியூன்றி மேடைக்கு வந்தார். அதிலிருந்து அவர் பெயரே ஔவை சண்முகம். 1944-ல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென்றே ஒரு மாநாடு கூட்டினார்கள். நாடகக்காரன் என்றால் வீடு கொடுக்காத காலத்தில் அது சாதாரண காரியம் இல்லை.

வடிவத்தில் விலகிய மாணவன், பெயரை மட்டும் விடவில்லை. எங்கே மேடை ஏறினாலும் சுவாமிகள் படத்துக்கு வணக்கம். சுவாமிகளைப் பற்றி எழுதினார், பேசினார், 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்ற பட்டம் நிலைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். மதுரை தமுக்கம் மைதானத்தை ஒட்டி இன்று நிற்கும் சிலை வரைக்கும் அந்த விடாப்பிடி வந்து சேர்ந்திருக்கிறது. குருபக்தி என்பது குரு செய்ததையே செய்துகொண்டிருப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சண்முகம் அப்படிச் செய்திருந்தால் இன்னொரு பழைய கம்பெனியாக மூடியிருப்பார்.

இளையவர்களுக்காக ஒரு தகவல். 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்து முடித்த ஒரு சிறுவன், அதற்கப்புறம் டி.கே.எஸ். குழுவின் மேடையில் ஏறினான். பின்னாளில் புடவை கட்டிக் கிழவி வேஷத்தில் அவர் நடித்த படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தார். 1996-ல் மலாக்கா தியேட்டரில் அந்தப் படத்துக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பெயரில் ஒரு மாணவனின் வணக்கம் இருக்கிறது என்று அப்போது தெரியாது. சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு ஔவை சண்முகம் சாலை என்று பெயர். சண்முகம் 1973-ல் மறைந்தார்.

சரி, இதெல்லாம் மெர்லிமாவுக்கு எப்படி வந்தது?

சண்முகத்தின் வழியாக வரவில்லை. சுவாமிகள் எதைக் கண்டு வெறுத்து ஓடினாரோ அந்த வழியாகத்தான் வந்தது. தமிழ்நாட்டில் பெரிய கம்பெனிகளுக்கு வெளியே 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று உண்டு. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடக்கிறது. அதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊரிலிருந்து. சாயங்காலம் அறிமுகம், ராத்திரி பத்து மணிக்கு நாடகம். எப்படி முடிகிறது? எல்லாருக்கும் சுவாமிகள் பாடம் மனப்பாடம். வேலன் இந்தப் பாட்டை எடுத்தால் வள்ளி அந்தப் பாட்டில்தான் பதில் சொல்வாள். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' ஆகியவை நாடகப் பிரதிகள் என்பதைவிடப் பொது வழிகள் என்று சொல்லலாம். யாரும் நடக்கலாம். ஒழுங்குக்காக எழுதிய எழுத்து, ஒழுங்கற்றவர்களுக்கு வாழ்வு கொடுத்தது. சுவாமிகள் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாரா, பிரம்பை எடுத்திருப்பாரா?

அந்தப் பொது வழியில் யார் யாரோ நடந்தார்கள். விஸ்வநாததாஸ் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். நாவிதர் சாதி என்று சொல்லி அவரோடு நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. அவர் முருகனாக நின்று, வள்ளியின் புனத்துக்கு வரும் கொக்கை விரட்டும் சாக்கில் வெள்ளைக்காரனை விரட்டிப் பாடினார். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருக வேஷத்தில், மேடையிலேயே உயிர் போயிற்று. கதை தெரிந்த கதை, பாடம் தெரிந்த பாடம். நடுவில் கிடைத்த இடைவெளியில் அவரவர் நெஞ்சில் இருந்ததை வைத்துக்கொள்ள முடிந்தது.

கடல் தாண்டுவதற்கும் இந்த வடிவம்தான் வசதி. கம்பெனி என்றால் படுதா, சாமான், ஐம்பது பையன்கள், சமையல்காரர் என்று கப்பல் பிடிக்க வேண்டும். பாடம் என்றால் ஓர் ஆளின் தொண்டையில் வந்துவிடும். சஞ்சிக் கூலியாக வந்தவரோ, கங்காணி அழைத்து வந்தவரோ, தகரப் பெட்டியில் ஒரு பாட்டுப் புத்தகம், மனசில் ஒரு வேஷம். தோட்டத்தில் இறங்கியதும் ஒரு வேலன் ஒரு வள்ளியைத் தேட ஆரம்பித்திருப்பான். மலாயாத் தோட்டங்களில் திருவிழாக் கூத்து இப்படித்தான் வேர்விட்டிருக்க வேண்டும்.

பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களும் வேடிக்கை பார்க்க வருவார்களாம். அவர்களுக்கு இது அந்நியமாக இருந்திருக்காது. பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் இறங்கி ஆடியதைப் பார்த்துத்தான் மலாய் பங்சாவான் பிறந்தது. 1885 வாக்கில் மாமாட் புஷி பினாங்கில் தொடங்கிய குழுவை முன்னோடி என்பார்கள். அதே பார்சிக் குழுக்கள் தமிழ்நாட்டிலும் சுற்றி, தீட்டிய படுதாவையும் ஆர்மோனியத்தையும் நம் மேடைக்குத் தந்துவிட்டுப் போயின. ஆக, மெர்லிமாவ் தோட்டத்துப் படுதாவும் பங்சாவான் படுதாவும் ஒரு வகையில் பங்காளிகள். நம் நாடக வரலாற்றை எழுதும்போது நாம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

மாமாவின் கதைக்கு வருகிறேன். பதினைந்து வயதில் மண்டோரிடம் சேர்ந்தார். காலை நாலரைக்கு எழுந்து பெரட்டு, மதியம் வரை பால்வெட்டு, ராத்திரி பாடம். "தூக்கம் வராதா மாமா?" என்றால், "மரத்துக்கு மரம் நடக்கயில பாடிக்கிட்டே போவேன். மங்குல பால் வழிஞ்சி கீழ போனதுகூடத் தெரியாது. கிராணிகிட்ட ஏச்சு வாங்கியிருக்கேன்" என்பார். மண்டோர் அடித்தாரா என்றும் ஒருமுறை கேட்டேன். "அடிக்காமயா? ஆர்மோனியக் கட்டையத் தட்டுற கையாலயே தலையில தட்டுவாரு." சொல்லும்போது அதில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. அன்பு இருந்தால் அடி சரியாகிவிடுமா என்று கேட்கத் தோன்றும். கேட்கவில்லை. மண்டோர் பகலில் எல்லாரையும் அதட்டியவர், கங்காணி முறையின் மிச்சம். ராத்திரியில் அவரே ஒரு பையனைப் பெண்ணாக்கி, அவன் கண்ணுக்கு மை எழுதிவிட்டு, "இப்ப நீ அழகுடா" என்று சொன்னவர். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சுவாமிகளையும் அப்படித்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் குறைந்தார்கள். லயங்கள் காலியாயின. திருவிழாவுக்கு வீடியோ டெக் வாடகைக்கு வந்தது, அதன் பிறகு ஆர்க்கெஸ்ட்ரா. மேடை இருந்த இடம் இப்போது செம்பனைக் காட்டுக்குள் எங்கேயோ.

சென்ற தீபாவளிக்குப் போயிருந்தபோது சண்முகத்தின் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். மாமாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அபிமன்யு எழுதப்பட்ட இரவைப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"காலையில எந்திரிச்சதும் பாடம் குடுத்துட்டாராமா?"

"ஆமா மாமா."

"அந்தப் புள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்" என்றார்.

செல்பேசியை எடுத்து, "நீங்க வள்ளி பாட்டு ஒண்ணு பாடுங்க, பதிவு பண்ணிக்கிறேன்" என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. பாட்டு வரவில்லை. மறுபடி கனைத்தார். தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மறந்துபோச்சா மாமா?"

"மறக்கலடா. எனக்கு வள்ளி பாடம் மட்டுந்தான் குடுத்தாரு. வேலன் எடுத்துக் குடுத்தாத்தான் எனக்குப் பதில் வரும்."

வேலனாக நடித்தவர் யார் என்று கேட்டேன். எங்கள் பழைய லயத்தில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர். தோட்டத்தை விட்டு மூவாரில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே இறந்து பதினொரு வருடம் ஆகிறது.